ஆமைக்கு வெயில் வேண்டும்

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில் போனால், மீன் தொட்டிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் பேசினில் பச்சை நிறக் குட்டி ஆமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரிந்துகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய உடம்பு. கண்ணுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு பட்டை. மீன் தீனி வாங்க வந்த இடத்தில் பிள்ளை அதைப் பார்த்துவிட்டால் அப்பாவுக்கு வேறு வழியில்லை. கடைக்காரர் கூடவே இரண்டு பொருட்களை நீட்டுவார்: நடுவில் ஒரு மேடும் அதன்மேல் பிளாஸ்டிக் தென்னை மரமும் வைத்த சின்ன டப்பா, ஒரு பாக்கெட் காய்ந்த இறால். "ஒண்ணும் பண்ண வேணாம் சார், தண்ணிய மட்டும் மாத்திட்டே இருங்க. இதுக்கு மேல பெருசா வளராது."

இந்த இரண்டு வாக்கியங்களுமே தவறு. அந்த டப்பாவில், அந்தத் தீனியில் விட்டால் ஆமை பெரும்பாலும் செத்துப்போகும். ஆனால் உடனே சாகாது, மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் காரணம் யார் கண்ணிலும் படுவதில்லை. பட்டினி கிடந்தால் நாய் குரைக்கும், பூனை காலைச் சுற்றும். ஆமை எதையும் காட்டிக்கொள்ளாது. காட்டில் நோயைக் காட்டிக்கொள்ளும் பிராணி இரையாகிவிடும் என்பதால், இறுதிவரை சமாளித்து நடப்பது அதன் பரம்பரைக் குணம்.

இதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. ஆங்கிலத்தில் ரெட் இயர்ட் ஸ்லைடர், தமிழில் சிவப்புக்காது ஆமை. மரக்கட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது சின்னச் சத்தம் கேட்டாலும் சறுக்கென்று தண்ணீருக்குள் வழுக்கி இறங்கிவிடும், அதனால்தான் ஸ்லைடர் என்ற பெயர். சிவப்புப் பட்டை காது இல்லை. ஆமைக்கு வெளிக்காதே கிடையாது, கண்ணுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் செவிப்பறை மட்டும் உண்டு. அமெரிக்கப் பண்ணைகளில் பொரித்த குஞ்சுகள் 1989 முதல் 1997 வரை மட்டும் 5 கோடிக்கும் மேல் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி ஆயின. உலகத்தில் மிக அதிகமாக வளர்க்கப்படும் ஊர்வனவற்றில் இதுவும் ஒன்று. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொன்ன ஊரில், இன்று வாஸ்து சொல்லி அதையே வடக்கு மூலையில் வைக்கச் சொல்கிறார்கள். இரண்டு நம்பிக்கையாலும் ஆமைக்கு லாபம் இல்லை.

ஆமையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: அதற்குள் அடுப்பு கிடையாது. நாம் சாப்பிடும் சாப்பாட்டில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. ஆமை அந்தச் செலவைச் செய்வதில்லை. அதே எடையுள்ள பாலூட்டியோடு ஒப்பிட்டால், சும்மா இருக்கும் நேரத்தில் அது எரிக்கும் சக்தி ஏழில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்குள்தான் வரும். வாரக்கணக்கில் தின்னாமல் கிடக்க முடிவதும் இதனால்தான். வேண்டிய வெப்பத்தை அது வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. வெயிலில் ஏறிப் படுத்துக் கழுத்தையும் பின்னங்கால்களையும் நீட்டி, விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வுகூடத் தெரியும்படி விரித்து வைத்துக்கொள்ளும். சோம்பேறித்தனமாகத் தெரிந்தாலும், அப்போதுதான் அது செரிக்கிறது, வளர்கிறது, நோயோடு போராடுகிறது. குளிர்ந்த உடம்பில் செரிமான நொதிகள் வேலை செய்யாது. தின்றது குடலிலேயே கிடக்கும்.

நோயோடு போராடுவதற்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நமக்குக் காய்ச்சல் தானாக வரும். ஊர்வனவற்றுக்கு அந்த வசதி இல்லை, காய்ச்சலைத் தேடிப் போய் வரவழைத்துக்கொள்ள வேண்டும். 1975-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகர் என்பவரின் குழு பாலைவன இக்வானா பல்லிகளுக்கு நோய்க்கிருமியை ஏற்றி, வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தது. அதிகச் சூட்டில் வைத்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன, குறைந்த சூட்டில் வைத்தவற்றில் பெரும்பாலானவை இறந்தன. சுதந்திரமாக விட்டால் நோயுற்ற பல்லி தானாகவே சூடான இடத்தைத் தேடிப் போய் உட்காரும் என்பதும் அந்தக் காலத்து ஆய்வுகளில்தான் தெரியவந்தது. இதை வைத்துப் பார்த்தால், ஒரே வெப்பநிலையில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் ஆமையை வைப்பது, சளி பிடித்தவரிடமிருந்து மருந்துப் பெட்டியை எடுத்து ஒளித்துவைப்பது போலத்தான்.

ஆக, தொட்டியில் ஒரு முனை சூடாக இருக்க வேண்டும், இன்னொரு முனை ஆறியிருக்க வேண்டும். எங்கே போவது என்பதை ஆமை பார்த்துக்கொள்ளும். வெயில் காயும் மேடு 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், தண்ணீர் 24 முதல் 28 டிகிரி, இதுதான் கணக்கு. மேடு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், ஓடு சொட்டச் சொட்ட நனைந்தே இருந்தால் பூஞ்சை பிடிக்கும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் தண்ணீரைச் சூடாக்க ஹீட்டர் தேவைப்படுவது அபூர்வம். இரவெல்லாம் ஏசி ஓடும் அறை என்றால் யோசிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் ஹீட்டர் இல்லாமல் முடியாது.

வெப்பத்தின் அதிகாரம் முட்டைக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆமைக்கு ஆண் பெண் என்று பிரிக்கும் குரோமோசோம் இல்லை. முட்டைகளை 26 டிகிரியில் அடைவைத்தால் எல்லாம் ஆண், 31 டிகிரியில் வைத்தால் எல்லாம் பெண். சூட்டை மரபணு எப்படிப் புரிந்துகொள்கிறது என்ற புதிரில் ஒரு முக்கியமான முடிச்சு 2018-இல்தான் அவிழ்ந்தது. குளிர்ச்சியான வெப்பநிலையில் மும்முரமாகும் ஒரு குறிப்பிட்ட நொதி, விதைப்பையை உருவாக்கும் மரபணுவின் பூட்டைத் திறந்துவிடுகிறது என்று அந்த ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பிராணி இதே சிவப்புக்காது ஆமைதான்.

வெயிலில் வெப்பம் பாதி. மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர், அதிலும் யூவிபி எனப்படும் பகுதி. ஆமையின் தோலில் கொழுப்பு வகையைச் சேர்ந்த ஒரு மூலப்பொருள் இருக்கிறது. யூவிபி பட்டதும் அது வைட்டமின் டி3-இன் முன்வடிவமாக மாறும். பிறகு தோலின் சூட்டில் மெல்ல உருமாறி டி3 ஆகும். ஒளி தொடங்கி வைத்ததை வெப்பம் முடித்துவைக்கிறது, இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் காரியம் ஆகாது. அந்த டி3 கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ப் பக்குவமான பிறகே குடல் உணவிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும். யூவிபி விளக்கின் கீழ் வளர்ந்த சிவப்புக்காது ஆமைகளின் இரத்தத்தில் டி வைட்டமின் அளவு, விளக்கில்லாமல் வளர்ந்தவற்றைவிடக் கூடுதலாக இருந்ததை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியிருக்கிறது.

கால்சியம் வராவிட்டால் என்ன ஆகும்? இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் நின்றுபோகும். அதனால் உடம்பு எலும்பை அரித்து எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். ஆமையிடம் எலும்பு எங்கே அதிகம்? ஓட்டில். ஓடு என்பது ஆமை மாட்டிக்கொண்டிருக்கும் கவசம் என்று நினைப்பவர்கள் உண்டு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அகன்று ஒன்றோடொன்று இணைந்ததுதான் மேலோடு. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டுக்கு உள்ளே இருக்கும் ஒரே முதுகெலும்பிக் கூட்டம் ஆமைகள்தான். எலும்புக்கு மேலே கெரட்டினால் ஆன தகடுகள் போர்த்தியிருக்கின்றன. தொட்டால் ஆமைக்குத் தெரியும், அடிபட்டால் வலிக்கும். ஓட்டில் பெயிண்ட் அடிப்பது, கல் பதிப்பது, துளை போட்டுக் கயிறு கட்டுவது எல்லாம் உயிருள்ள எலும்பில் செய்யும் வேலை.

கால்சியம் இழந்த குட்டியின் ஓட்டை விரலால் மெதுவாக அழுத்தினால் அமுங்கும். வளர்ந்த ஆமையில் ஓட்டின் விளிம்பு மேல்நோக்கி வளைந்து, முதுகு கோணலாகி நிற்கும். இந்த நிலைக்கு வந்த பிறகு கால்சியம் கொடுத்தால் நோய் நிற்கலாம், கோணல் நிமிராது.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது ஒன்று உண்டு. கனடாவிலும் ஜெர்மனியிலும் ஆமை வளர்ப்பவர்கள் யூவிபி பல்புக்கு நிறையப் பணம் கொடுக்கிறார்கள். நமக்கு அது மொட்டை மாடியில் இலவசம், ஆனாலும் ஆமையை ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஜன்னல் வழியாக வெயில் விழுகிறதே என்றால், சாதாரணக் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் உள்ளே வரும், வேண்டியது வராது. காலை வெயிலில் அரை மணி நேரம் வெளியே வைத்தால் நல்லது. அப்போதும் பாதி இடத்தில் நிழல் வேண்டும். சின்ன டப்பாவில் கொஞ்சம் தண்ணீரோடு வெயிலில் வைத்துவிட்டுப் போனைப் பார்க்கப் போனால், திரும்பி வருவதற்குள் தண்ணீர் கொதிப்பேறி ஆமை செத்துவிடும். காக்கையும் பூனையும் இருக்கும் மாடியில் மேலே கம்பி வலை போடாமல் வைக்கவே கூடாது. வெளியே வைக்க வழியில்லாதவர்கள் யூவிபி பல்பு வாங்கத்தான் வேண்டும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல்பு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் யூவிபி மட்டும் மாதங்கள் போகப் போகக் குறைந்துவிடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது அந்தக் காய்ந்த இறால் பாக்கெட். ஆமைக்கு அது பிடிக்கும், ஆனால் அதையே தின்று வளரும் குட்டிக்கு வைட்டமின் ஏ கிடைக்காது. கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகளின் உட்படலம் தடித்து அடைத்துக்கொள்ளும். இமைகள் உப்பி, ஒரு கட்டத்தில் கண்ணே திறக்காது. இந்த ஆமை இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது. கண் மூடியது தின்னாது, தின்னாததற்குக் கண் திறக்காது. பல வீடுகளில் ஆமை தூங்குகிறது என்று நினைத்துக்கொள்வது இந்த நிலையைத்தான். அதற்காகக் கடையில் வைட்டமின் ஏ சொட்டு மருந்து வாங்கி ஊற்றிவிடவும் கூடாது. அளவு மிஞ்சினால் தோல் உரிந்து புண்ணாகும்.

குட்டியாக இருக்கும்போது மாமிசம் அதிகம் தின்னும், வளர வளர இலைதழைக்கு மாறும். தரமான ஆமைத் தீனி உருண்டைகளோடு மண்புழு, சிறு மீன் முள்ளோடு, மஞ்சள் பூசணி, கேரட், செம்பருத்தி இலை என்று மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் அதைத் தினமும் போட வேண்டாம். சோறு, ரொட்டி, பால் எதுவும் வேண்டாம். தீனியைத் தண்ணீரில் போட வேண்டும், இந்த ஆமை தண்ணீருக்கு வெளியே விழுங்காது.

தின்பதும் தண்ணீரில், கழிப்பதும் தண்ணீரில். மீனைவிடப் பல மடங்கு அழுக்காக்கும். ஓட்டின் நீளம் ஒரு அங்குலத்துக்கு 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. பெண் ஆமை 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை வளரும். அப்படியானால் குறைந்தது 400 லிட்டர், அதாவது கண்ணாடியும் கல்லும் சேர்க்காமலேயே 400 கிலோ. கொளத்தூரில் வாங்கிய அந்த நாணய அளவுக் குட்டிக்குச் சில வருடங்களில் இவ்வளவு இடம் வேண்டும், அதுவும் 20, 30 வருடங்களுக்கு. மூன்றாம் வகுப்பில் ஆசைப்பட்டு வாங்கிய பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்போதும் ஆமை இருக்கும், அப்பா அம்மாவிடம். பெண் ஆமையானால் ஆண் துணை இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும். தோண்டுவதற்கு ஈரமண் இல்லாவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்து, அதனாலேயே சாகக்கூடும்.

இனி, கையில் எடுப்பது. ஆமைக்கு நம் தொடுகை தேவையில்லை. மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்தின் நிழல் மாதிரிதான். தொட்டி சுத்தம் செய்ய, மருத்துவரிடம் கொண்டுபோக, உடம்பைச் சோதிக்க என்று எடுக்க வேண்டியிருந்தால், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் பிடித்து, விரல்கள் அடிப்பக்கம் தாங்கும்படி எடுக்க வேண்டும். வழுக்கும், நகத்தால் பிறாண்டும், சில நேரம் பயத்தில் சிறுநீரைப் பீய்ச்சும். அந்த நொடியில் யாராக இருந்தாலும் கை தளரும். ஆகவே தரையை ஒட்டியே பிடிக்க வேண்டும், உட்கார்ந்து எடுப்பது இன்னும் நல்லது. கை தவறி விழுந்தால் ஓடு வெடிக்கலாம். பல் கிடையாது, ஆனால் அலகின் விளிம்பு கூர்மை. விரலை முகத்துக்கு நேரே நீட்டினால் தீனி என்று நினைத்துக் கவ்வும்.

எடுத்தவுடன் 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும். கோபத்தில் சீறுகிறது என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். தலையையும் நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுக்க ஓட்டுக்குள் இடம் போதாது. நுரையீரலில் உள்ள காற்றை வெளியே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். அந்தக் காற்றின் சத்தம்தான் அது. நுரையீரல் மேலோட்டின் உட்பக்கத்தை ஒட்டியிருப்பதால், மல்லாக்கப் போட்டால் குடலின் பாரம் அதன்மேல் அழுத்தும். விலா எலும்பு அசையாத பிராணி மூச்சு விடுவதற்குத் தசையை மட்டுமே நம்பியிருக்கிறது. வேடிக்கைக்காகக் கவிழ்த்துப் பார்ப்பது அதற்கு மூச்சுமுட்டல்.

கையைக் கழுவும் விஷயத்துக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. சால்மொனெல்லா என்ற பாக்டீரியா ஆமையின் குடலில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். எச்சத்தோடு தண்ணீரில் கலந்து ஓடெல்லாம் படியும். நமக்கு வந்தால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வந்தால் சில நேரம் இரத்தத்திலும் மூளை உறையிலும் பரவும். 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் அமெரிக்கக் குழந்தைகளிடையே இது பெரிய அளவில் பரவியது. 1975-இல் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதைத் தடை செய்தது. 4 அங்குலம் ஏன் என்றால், அதைவிடச் சின்னது குழந்தையின் வாய்க்குள் போகும். ஆண்டுக்கு ஒரு லட்சம் குழந்தைகளுக்கு நோய் வராமல் இந்தத் தடை காத்தது என்று பிறகு கணக்கிட்டார்கள். நம் கடைகளில் விற்கும் குட்டிகள் எல்லாமே அந்த அளவுக்குக் கீழேதான்.

சோதித்துப் பார்த்துக் கிருமி இல்லை என்று சான்று வாங்குவதும் பயனில்லை. ஆமை விட்டு விட்டுத்தான் கிருமியை வெளியேற்றும், இன்று இல்லாதது அடுத்த வாரம் இருக்கும். தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது, அதற்கென்று தனி வாளியும் பிரஷும் வேண்டும். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளியோ இருக்கும் வீட்டில் ஆமை வாங்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

நோயைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, நீந்துவதைப் பார்ப்பது. நுரையீரல்தான் ஆமையின் மிதவை. ஒரு பக்க நுரையீரலில் சளி கட்டினால் அந்தப் பக்கம் கனத்து, ஆமை சாய்ந்தே நீந்தும். மூக்கில் குமிழி வரும், வாயைத் திறந்து மூச்சு விடும். இது நிமோனியா. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவருக்கும் ஊர்வன பழக்கமில்லை, தெரிந்தவரை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் புழுவுக்காகப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு நஞ்சு. உடம்பு செயலிழந்து செத்துவிடும். பக்கத்து வீட்டு நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று கொடுத்துவிடாதீர்கள்.

நட்சத்திர ஆமையும் நம் குளங்களில் இருக்கும் பாலாமையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அதிர்ஷ்டத்துக்கு என்று வைத்திருந்தாலும் குற்றம்தான். சிவப்புக்காது ஆமை நம் நாட்டு உயிரினம் இல்லை என்பதால் கடைகளில் வெளிப்படையாக விற்கிறது. ஆனால் விமான நிலையங்களில் பயணிகளின் பெட்டிகளிலிருந்து சுங்கத்துறையினர் ஆயிரக்கணக்கில் பிடிப்பதும் இதே குஞ்சுகளைத்தான். கடையில் இருப்பது எந்த வழியில் வந்தது என்று கேட்டால் பதில் வராது.

பெரிதாகிவிட்டது, நாற்றம் தாங்கவில்லை என்று கோயில் குளத்தில் விடுகிறார்கள். புண்ணியம் என்றே நினைத்துச் செய்கிறார்கள். வெயில் காயும் இடத்துக்கும் இரைக்கும் அது உள்ளூர் ஆமைகளோடு போட்டி போடும், அவற்றுக்குப் பழக்கமில்லாத நோய்களையும் கொண்டுவரும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியலில் இதன் பெயர் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இறக்குமதியை நிறுத்தியது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கத்து நீர்நிலைகளில் இது தென்பட்டபோது, பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மக்களை எச்சரித்தது. ஜப்பான் 2023 ஜூன் 1 முதல் இதை விற்பதையும் வெளியில் விடுவதையும் தடை செய்திருக்கிறது. ஆனால் ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்கள் அனுமதி எதுவும் வாங்காமல் தொடர்ந்து வளர்க்கலாம் என்று விட்டுவிட்டது. வளர்ப்பதையும் தடுத்தால், பயந்துபோய் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆற்றில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற கவலைதான் காரணம்.

நம்மூரில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள், பெரிய தொட்டியோ தோட்டத்தில் அடைப்புக் குளமோ உள்ள வேறொருவரிடம் கொடுக்கலாம், வாங்கிய கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம், வனத்துறையிடம் விசாரிக்கலாம். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: இது பெரிதானால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று. "இதுக்கு மேல வளராது சார்" என்று மறுபடியும் சொன்னால், மீன் தீனியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.